சோயாவுக்குப் பட்டி எருவா, பைக் கோழி எருவா?

திருகோணமலையில் சோயா அவரை செய்பவர்களுக்குக் கிடைக்கும் எரு இரண்டு வகை. தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பட்டிகளில் ட்ரக்டர் பெட்டிக் கணக்கில் ஏற்றும் மாட்டெரு ஒன்று. உமியோடு பையில் வரும் கோழி எரு மற்றது. சோயாவுக்கு எங்கள் தெரிவு மாட்டெருதான்.

காரணம் நைதரசன். சோயா தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியை வேர்முடிச்சு வழியாகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மண்ணில் நைதரசன் மலிந்தால் முடிச்சுக் கட்டாது. கோழி எருவை அள்ளிக் கொட்டி மேலே யூரியாவும் எறிந்தால் செடி கொழுத்துச் சாயும், காய் குறையும்.

நன்கு உக்கிய மாட்டெரு ஏக்கருக்கு 4 தொன். விதைப்புக்கு இரண்டு கிழமை முன்பே மண்ணோடு புரட்டிவிட வேண்டும். நைதரசன் 1 வீதம் என்று வைத்தால் அதில் 40 கிலோ இருக்கும். முதல் போகத்தில் பயிருக்குச் சேர்வது கால்பங்கு, அதாவது ஏறக்குறைய 22 கிலோ யூரியாவுக்குச் சமன். அடியுர யூரியாவை அந்த அளவுக்குக் குறைக்கலாம். டிஎஸ்பியில் (பொசுபரசு தரும் இரசாயன உரம்) கைவைக்கக் கூடாது; மாட்டெருவில் பொசுபரசு சொற்பம், முடிச்சுக்கோ அது கட்டாயம். எரு மட்டும் போதும் என்ற பேச்சு 2021 இரசாயன உரத் தடைக்காலத்தில் நிறையக் கேட்டது. சோயாவில் அது சறுக்கும் இடம் இதுதான்.

பட்டி எருவின் பெரிய குறை மணல். ஒரு சுண்டு எருவை வாளித் தண்ணீரில் கரைத்து மெல்ல வடித்துப் பாருங்கள். அடியில் கால் சுண்டு மணல் கிடந்தால், கொடுத்த காசில் கால்பங்கு மணலுக்குப் போகிறது. களை விதையும் வரும். குவித்து நனைத்து, சூடேற விட்டுப் புரட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

கோழி எருவில் பொசுபரசு அதிகம், அதை மெச்சத்தான் வேண்டும். ஆனாலும் ஏக்கருக்கு ஒன்றரைத் தொன்னுக்கு மேல் வேண்டாம். பைக்குள் கைவிட்டால் சுடுகிறதா, மூக்கில் அமோனியா ஏறுகிறதா? உக்கவில்லை. சிரட்டையில் மண்ணோடு கலந்து பத்துப் பயறு போடுங்கள். பாதி கருகினால் சோயா முளையும் கருகும்.

விதைக்கு றைசோபியம் (வேர்முடிச்சுக் கட்டும் நுண்ணுயிர்) பூசினால் நிழலில் பூசி அன்றே ஈரமண்ணில் விதையுங்கள். உரத்தோடு கலந்தால் நுண்ணுயிர் செத்துவிடும்.

35ஆம் நாள் ஒரு செடியை மண்வெட்டியால் தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு உதிரும். நகத்தால் கீறும்போது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் மேலுரம் தேவையில்லை. பச்சையோ சாம்பலோ என்றால் மட்டும், பூக்கும் வேளையில் ஈரம் பார்த்து ஏக்கருக்கு 20 கிலோ யூரியா.