குளக்கட்டு வெயிலில் நாயோடு நடக்க ஒரு பெட்டி: ஐந்து சாமானில் இரண்டு தேறும்

இணையக் கடைகளில் நாலைந்து பெயரில் விற்பனைக்கு வந்தாலும் பெட்டி ஒன்றேதான். வலைத்துணியில் ஒரு மார்புப்பட்டி, 5 மீற்றர் வரை நீண்டு சுருளும் கயிறு, மடக்குக் கிண்ணம், நாலு சப்பாத்து, நனைத்துப் போடும் குளிர்ச்சட்டை. அட்டைப் படத்தில் நாய் நிற்பது பச்சைப் புல்லில், மரநிழலில்.

எங்கள் பக்கத்தில் நாயோடு நீட்டி நடக்கக் கிடைப்பது வேறு மாதிரியான வழி. கிளிநொச்சியென்றால் ஏ9 ஓரமும் நகரத்தை ஒட்டிய குளக்கட்டும். வவுனியாவென்றால் நகரத்துக் குளக்கட்டு (வவுனிக்குளத்தோடு குழப்ப வேண்டாம், அது முல்லைத்தீவு மாவட்டம்). ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், தலைக்கு மேலே வெறும் வானம். கட்டில் மரம் நிற்க விடமாட்டார்கள். வேர் போன வழியில் நீர் கசிந்து கட்டைத் தின்றுவிடும். ஆகவே நடுவழியில் நிழல் தேடிப் பயனில்லை. ஏறின இடத்தில் உள்ள மருதமரத்தை விட்டால் இறங்குகிற இடத்தில்தான் அடுத்தது. பெட்டியை அந்தக் கணக்கில்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் மார்புப்பட்டி. இது தேறும், ஆனால் அளவு பிழைத்தால் பெட்டி முழுக்க வீண். அட்டையில் நாயின் நிறையை வைத்து அளவு போட்டிருக்கிறார்கள்; அதை நம்பக்கூடாது. தையல்காரர் நாடாவை முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சு அதிகம் அகன்ற இடத்தில் சுற்றி அளவெடுங்கள். நெஞ்சு ஆழமாகவும் இடுப்பு ஒட்டியும் இருக்கிற ஊர்நாய்க்கு நிறைக் கணக்கு ஒரு அளவு சிறிதாகவே காட்டும். போட்டபின் வாருக்கும் தோலுக்கும் இடையில் இரண்டு விரல் படுக்கையாகப் போக வேண்டும். முழங்கையிலிருந்து வாருக்கு இரண்டு விரல் இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு மைல் தாண்ட முன்னமே அக்குளில் மயிர் உரிந்து சிவந்துவிடும். வலைத்துணிக்குள் கிரவல் தூசி புகுந்தால் அது அரத்தாள் மாதிரி. நடந்து வந்த கையோடு உதறிக் கழுவிக் காயப்போட வேண்டும். நிழலில் காயப்போடுங்கள். வெயிலில் கிடந்தால் பிளாஸ்ரிக் கொளுக்கி வெளிறி, ஒருநாள் இழுவையில் படக்கென்று உடையும்.

இந்தப் பட்டியின் பலவீனம் முதுகு வளையத்தில் இருக்கிறது. வளையத்தின் இரு முனையும் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறதா, சும்மா வளைத்து முட்டவைத்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் அது திறக்கும். இன்னொன்று, மிரண்ட நாய் முன்னால் ஓடாது, பின்வாங்கித் தலையை உருவும். ஒடுங்கிய தலையுள்ள ஊர்நாய் கழுத்துப்பட்டியையும் கழற்றும், மார்புப்பட்டியையும் கழற்றும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றுவது அரிது. ஒரு சாண் கயிற்றால் கழுத்துப்பட்டியையும் மார்புப்பட்டி வளையத்தையும் தொடுத்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும். எப்படியும் கழுத்துப்பட்டி வேண்டும். 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி வருடாவருடம் உள்ளூராட்சி சபையில் பதிந்து கிடைக்கும் தகட்டைக் கொழுவுவதற்கு அதுதான் இடம்.

சுருள்கயிற்றை எடுத்து அலுமாரிக்குள் போடுங்கள். 5 மீற்றர் என்பது குளக்கட்டின் அகலத்துக்கும் மேல். மயில் ஒன்று வயலுக்குள்ளிருந்து எழும்பினால் 20 கிலோ நாய் அந்த 5 மீற்றரையும் முழு வேகத்தில் ஓடி முடித்துத்தான் நிற்கும். அந்த உதறல் பிடித்திருப்பவரின் தோளுக்கும் நாயின் முதுகுக்கும் சேர்த்து விழும். எதிரே சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ வந்தால் குறுக்கே கிடக்கும் மெல்லிய கயிறு ஓட்டுகிறவரின் கண்ணுக்குத் தெரியாது. பதறிக் கையால் பிடித்தவரின் உள்ளங்கையை அது அறுக்கும். பிடிக்குள்ளிருக்கும் தடை இரண்டு கிழமைக் கிரவல் தூசியில் வழுக்கத் தொடங்கும், அமத்தினாலும் பூட்டாது. இது தயாரித்தவரின் பிழையென்று முழுதாகச் சொல்ல முடியாது. புல்வெளிக்குச் செய்த சாமானைப் புழுதிக்குள் கொண்டுவந்தால் அப்படித்தான்.

பதிலுக்கு, ஹாட்வெயார் கடையில் மீற்றர் கணக்கில் வெட்டித் தரும் தட்டை நைலோன் வாரில் 1.8 மீற்றர் வாங்கி, சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து ஒரு முனையில் கைப்பிடியும் மறுமுனையில் கொளுக்கியும் வைத்துத் தைப்பியுங்கள். சதுரம் தைத்து அதற்குள் குறுக்கே பெருக்கல் குறி போடச் சொல்ல வேண்டும். ஒற்றை வரித் தையல் பிரியும். கைப்பிடிக்கு 40 சென்ரிமீற்றர் கீழே இன்னொரு பிடி வைத்தால் டிப்பர் வரும்போது நாயைத் தொடையோடு ஒட்டிப் பிடிக்கலாம். குறுங்கயிறு வேண்டுமென்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. வெடிபொருள் அகற்றி முடியாத பற்றைகள் இன்னும் இருக்கின்றன. சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்ட பக்கம் நாயும் இறங்கக்கூடாது, நாய்க்குப் பின்னால் நீங்களும் இறங்கக்கூடாது.

பெட்டியில் காசுக்குப் பெறுமதியான சாமான் அந்த மடக்குக் கிண்ணந்தான். 350 மில்லிலீற்றர் பிடிக்கும், கழுவ இலகு, உடையாது. கொழுவும் வளையம் மட்டும் பொய். ஒரு சாவி வளையம் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் குளத்தில் அள்ளலாம் என்று நினைத்தால் பிழை. நாய் அலைகரையில் இறங்கிக் குடிப்பது இன்னும் மோசம். வன்னிக் குளங்களில் முதலை இருக்கிறது, நாய் அதற்குச் சரியான அளவு. வயல் வாய்க்காலில் மருந்தடித்த கிழமை நஞ்சு ஓடும், மற்றக் கிழமைகளில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும். தடுப்பூசி போட்ட அட்டையில் அது சேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

நாய்க்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லிலீற்றர் தண்ணீர் சாதாரணத் தேவை. வெயில் நடைக்கு அது காணாது. 20 கிலோ நாயோடு ஒரு மணித்தியாலம் போக 1.5 லீற்றர் போத்தல் ஒன்று எடுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அரைக் கிண்ணம் கொடுங்கள், மிச்சம் உடம்பில் ஊற்ற. ஒரேயடியாக ஒரு போத்தலைக் குடிக்கவிட்டு உடனே ஓடவைத்தால் சத்தி எடுக்கும்.

சப்பாத்துதான் படத்தில் அழகு. போட்டு நடக்கவிட்டால் கோழி சேற்றில் நடப்பதுபோல் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும், அது பழகிவிடும். பழகாதது மற்றது. நாய்க்கு வியர்வை வருவது பாதத் தசையில்தான், அதை மூடினால் உள்ளே ஈரம் தங்கி விரலிடுக்கு அழுகும். ஒட்டுப்பட்டியின் கொக்கிகளில் மணலும் நாயுருவி விதையும் நிரம்பியதும் பிடி விட்டு, பின்னங்கால் சப்பாத்து முதலில் கழரும். நெருஞ்சி முள்ளை அடிப்பாகம் தடுக்கிறது, சரிதான். ஆனால் பக்கத்துணியால் ஏறிய முள் உள்ளேயே நின்று ஒவ்வொரு அடிக்கும் குத்தும், வெளியே தெரியாது. சப்பாத்தில்லாத நாய் முள் குத்தியதும் நின்று காலைத் தூக்கிக் காட்டும். விரல்களை விரித்து, முள்ளின் அடியை இரு நகத்தால் பிடித்து நேரே இழுத்தால் முடிந்தது. சாய்த்து இழுத்தால் நுனி முறிந்து உள்ளே தங்கிச் சீழ் வைக்கும். பாதத்தில் வெட்டுக்காயம் உள்ள நாயை அவசரத்துக்கு வெளியே கூட்டிப்போக இந்தச் சப்பாத்து உதவும், அவ்வளவுதான்.

அப்படியானால் சுடுகிற தாருக்கு என்ன செய்வது? நேரத்தை மாற்றுவதுதான். புறங்கையைத் தரையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் நாயும் நடக்க முடியாது. நிழலில் 30 பாகை இருக்கிற மத்தியானத்தில் கறுப்புக் காபெட் வீதி 50 பாகையைத் தாண்டும். பின்னேரம் 5 மணிக்குக் காற்று ஆறினாலும் தார் பகல் முழுவதும் குடித்த சூட்டை விட்டுக்கொண்டேயிருக்கும். பக்கத்திலுள்ள செம்மண் கிரவல் அதற்கு எவ்வளவோ முன்னம் ஆறிவிடும். ஆகவே காலை 6 மணிக்கு வெளிக்கிட்டு 7.30க்குள் வீடு. பின்னேரம்தான் வசதியென்றால் பொழுது பட்டபின், தாரை விட்டுக் கிரவலில். நிழலில்லாத கட்டில் இன்னொரு பொறி உண்டு: போன தூரமெல்லாம் திரும்பி வரவேண்டும். நாய் களைத்த இடத்தில் திரும்பினால் பிந்திவிட்டது. நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததுமே திரும்புங்கள்.

குளிர்ச்சட்டையைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் காற்று காய்ந்து வரும். நனைத்துப் பிழிந்து போட்டால் நீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகும், நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அந்தக் காற்றில் சட்டை கெதியாகக் காயும். காய்ந்த சட்டை போர்வைதான், திரும்ப நனைக்கத் தண்ணீர் சுமக்க வேண்டும். சித்திரை மாதத்துப் புழுக்கத்தில் காற்றே அசையாதபோது ஈரம் போக வழியில்லாமல் சூட்டைப் பொத்திப் பிடிக்கும். சப்பை மூக்கு பக் நாய்க்கும், மயிரடர்ந்த ஜேர்மன் செப்பேட்டுக்கும் இந்தச் சட்டையை நம்பி வெயிலில் இறங்குவது ஆபத்து.

நாயின் இயல்பான சூடு 38.3 முதல் 39.2 பாகை, 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். நாக்கு அகன்று வெளியே தொங்கி, உமிழ்நீர் கஞ்சிபோல் தடித்து, முரசு (பல்லீறு) செக்கச்செவேலென்று சிவந்து, நடை தள்ளாடினால் சட்டை, பட்டி எல்லாவற்றையும் கழற்றுங்கள். கையில் உள்ள தண்ணீர் முழுவதையும் வயிறு, அக்குள், தொடையிடுக்கு என்று ஊற்றி விசிறுங்கள். ஈரத் துவாயால் போர்த்துவிடாதீர்கள், சூடு உள்ளே நிற்கும். பிறகு முச்சக்கர வண்டியில், இரு பக்கமும் திறந்தபடி, காற்றுப்பட மிருக வைத்தியரிடம். குளிரப்பண்ணிய பிறகே பயணம். ஏற்றிய பிறகு குளிரப்பண்ணலாம் என்றிருந்தால் வழியில் போய்விடும். வெப்பமானி இருந்தால் 39.5க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்துங்கள்.

பெட்டியில் இல்லாத, ஆனால் முதலில் எடுக்க வேண்டிய சாமான் குடை. கறுப்போ பூப்போட்டதோ, வீட்டில் கிடக்கிற எதுவும். நிழல் தருவது ஒன்று. மற்றது, கட்டாக்காலி நாய்கள் கூட்டமாக ஓடிவந்தால் முகத்துக்கு நேரே படக்கென்று விரித்தால் அநேகமாக நிற்கும். கல்லெடுக்கக் குனிகிற பாவனையும் பலிக்கும், ஆனால் உங்கள் நாயைப் பிடித்திருக்கும் கை தாழ்ந்துவிடும். உங்கள் நாயைத் தூக்காதீர்கள், கூட்டம் உங்கள் மேலே பாயும். கடி விழுந்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். கடிக்கிற பழக்கமுள்ள நாய்க்கு வாய்க்கூடை போடுவதென்றால் வாயைத் திறந்து இளைக்க இடமுள்ள கூடையாக இருக்க வேண்டும். வாயை இறுக்கும் துணிப்பட்டி வெயிலில் கொலைகாரச் சாமான்.

வீட்டுக்கு வந்தபின் விரலிடுக்கு, காதுமடல், பட்டிக்கு அடிப்பக்கம் ஆகிய மூன்றிலும் உண்ணி பாருங்கள்.

வாங்குவதென்றால் பெட்டியாக வாங்காமல் மார்புப்பட்டியையும் கிண்ணத்தையும் தனித்தனியாகத் தரும் கடையைத் தேடுங்கள், இருக்கின்றன. பெட்டிதான் வேண்டுமென்றால், பொதி கொண்டுவருகிறவர் நிற்கும்போதே, காசு கொடுக்க முன்னம் பிரித்துப் பார்க்க விடுவார்களா என்று கட்டளை கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உறை கிழிந்த பட்டியைப் பல கடைகள் திருப்பி எடுப்பதில்லை. பார்க்கக் கிடைத்தால் அந்த முதுகு வளையத்தில் நகத்தை ஓட்டுங்கள்.