திருச்சியில் புதினா மாத்திரை தேடிய கதை

எனக்கு ஐ.பி.எஸ். இருக்கிறது. திருச்சியில் இதைச் சொன்னால் மாமா, "நம்ம குடும்பத்துல யாருப்பா போலீஸ்ல?" என்கிறார். நான் சொல்வது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்கிற குடல் தொல்லையை. குடலில் புண்ணோ கட்டியோ கிடையாது. ஆனால் சாப்பிட்ட அரை மணியில் வயிறு உப்பும், பிசையும், பாத்ரூமுக்கு ஓடவைக்கும். லண்டனில் ஆறு வருஷமாக நான் நம்பியிருப்பது பெப்பர்மின்ட் எண்ணெய் அடைத்த கேப்சூல். அங்கே சீட்டில்லாமலே கிடைக்கும். இந்தத் தடவை அதைச் சமையலறை மேடையிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டேன்.

மூன்றாம் நாள் அத்தை வீட்டு விருந்து. சின்ன வெங்காயச் சாம்பார், பூண்டு ரசம். இரண்டுமே எனக்கு ஆகாது, ஆனால் அத்தையிடம் வேண்டாம் என்று யார் சொல்வது? சாயங்காலம் தில்லைநகரில் மூன்று மெடிக்கல் ஏறி இறங்கினேன். கேட்டது புதினா எண்ணெய் கேப்சூல். கிடைத்தது தொண்டைக்குச் சப்பும் மிட்டாய், ஓம வாட்டர்.

சரி என்று பெரிய கடை வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். பெரியவர் ஒரு குட்டிப் பாட்டிலை எடுத்து வைத்து, "வெந்நில ரெண்டு சொட்டு விட்டுக் குடிங்க தம்பி, வாயு பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார். குடித்தேன். வாயு போகவில்லை, நெஞ்சுதான் எரிந்தது.

தப்பு என்னுடையது. புதினா எண்ணெயில் உள்ள மென்தால், தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்துத் தசையைத் தளர்த்துகிறது. குடலில் தளர்ந்தால் பிசைவு அடங்கும். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். அதனால்தான் கேப்சூலுக்கு அமிலத்தில் கரையாத உறை போடுகிறார்கள். போதாததற்கு, பாட்டிலில் வெறும் 'மின்ட் ஆயில்' என்றுதான் இருந்தது. உத்தரப்பிரதேசத்தில், பாராபங்கி பக்கம், ஏராளமாக விளைவது பெப்பர்மின்ட் அல்ல, ஜப்பான் புதினா என்கிற வேறு வகை. பாட்டிலில் இருந்தது அதன் எண்ணெயாகவும் இருக்கலாம்.

மறுநாள் ஒரு குடல் டாக்டரைப் பார்த்தேன். காலையில் போன் செய்தால் சாயங்காலமே டோக்கன்! லண்டனில் இதற்கு மாதக்கணக்கில் காத்திருந்தவன் நான். எடை குறைந்ததா, மலத்தில் ரத்தம் போகிறதா, ராத்திரி வலியால் விழிப்பு வருகிறதா என்று பொறுமையாகக் கேட்டார். ரத்தம் எடுக்க விடிகாலை ஆறரைக்கு வீட்டுக்கே ஆள் வந்தது. மத்தியானம் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில். குறையே சொல்ல முடியாது.

நான் கேட்ட கேப்சூலையும், கூடவே அமிலம் குறைக்கும் மாத்திரை ஒன்றையும் எழுதிக் கொடுத்தார். மெடிக்கலில் சொல்லிவைத்து இரண்டாம் நாள் வந்தது. பையன் அட்டையைக் கத்தரிக்கோலால் கச்சிதமாக வெட்டி, பத்து கேப்சூலைக் காகித உறையில் போட்டான். காலாவதித் தேதி வெட்டுப்பட்ட பாதியோடு அவனிடமே தங்கிவிட்டது, விவரத்தாளும் பெட்டியோடு போயிற்று. "எப்படிச் சாப்பிடணும்?" என்றேன். "புதினாதானேண்ணே, கடிச்சே சாப்பிடலாம்."

கடித்தால் உறையை எதற்குப் போட்டார்கள்? லண்டன் பெட்டியில் இருக்கும் தாளில் இதெல்லாம் தெளிவாக இருக்கும்: சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், மெல்லாமல், முழுசாக. அமில மாத்திரையோடு சேர்த்து எடுக்கவும் கூடாது, எடுத்தால் அமிலம் குறைந்து உறை இரைப்பையிலேயே கரைந்துவிடும். அது எனக்குத் தெரியும், ஆனால் டாக்டர் எழுதியிருக்கிறாரே என்று இரண்டையும் சேர்த்தே விழுங்கினேன். அன்று மதியம் வரை புதினா ஏப்பம். கிளினிக்குக்குச் சொன்னதும் ராத்திரி ஒன்பது மணிக்கு டாக்டரே கூப்பிட்டு, "அமில மாத்திரையை விட்டுடுங்க, உங்களுக்கு அது தேவையில்லை" என்றார். லண்டனில் எந்த டாக்டரும் அந்த நேரத்தில் என்னைக் கூப்பிட்டதில்லை.

அப்புறம் பிசைவு அடங்கியது. எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்லமாட்டேன். அமெரிக்க இரைப்பைக்குடல் மருத்துவர்களின் 2021 வழிகாட்டுதல்கூட இதைப் பரிந்துரைத்துவிட்டு, சான்று வலுவாக இல்லை என்றும் சேர்த்தே சொல்கிறது.

கிளம்பும் நாள் அத்தை, "என் துவையல்ல இல்லாதது அந்த மாத்திரைல என்ன இருக்கு?" என்று கேட்டார். அன்று புதினாத் துவையலில் பூண்டு போடவில்லை. இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.