எச்சரிக்கை: பழைய காருக்குப் பின் விளக்குப் பூட்டக் கொடுத்து 68,500 ரூபாவை இழந்தேன்

இன்று காலை அந்தக் கராஜிலிருந்து கிடைத்த கடைசிப் பதிலைக் கேட்டுவிட்டு, கோபம் ஆறுவதற்கு முன்பே இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்தில் கடுமை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் பின் விளக்கு வேலைக்குக் கொடுக்குமுன் எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை முடிவில் விரிவாகத் தருகிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. மட்டக்களப்பு நகரை அண்டி, பழைய வாகனங்களுக்கு வயரிங் செய்து கொடுக்கும் ஒரு கராஜ் என்று மட்டும் சொல்கிறேன்.

எங்களிடம் இருப்பது அப்பா ஓடிய 1965ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல் என்று உப்புக் காற்றுக்குள் நின்ற இரும்பு எப்படி இருக்கும் என்பதை எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பின் விளக்குகளுக்கு ஏர்த், அதாவது மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும் வழி, காரின் பொடி (இரும்பு உடல்) ஊடாகத்தான் போகிறது. விளக்கின் அடித்தகடு துருப்பிடித்ததும் சிக்னல் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து மினுங்கத் தொடங்கியது. உண்மையில் துருவைச் சுரண்டி, புதிதாக ஓர் ஏர்த் வயர் போட்டிருந்தாலே போதுமான குறை அது. இப்போது தெரிகிறது.

நான் எந்த இடத்தில் விழுந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாஸ் (கராஜின் தலைமை மெக்கானிக்) டிக்கியைத் திறந்து, முழங்காலில் இருந்து, துணி சுற்றிய அந்தப் பழைய வயர்களை ஒவ்வொன்றாக விரலால் பிரித்து, எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல், "சிவப்பு பின் லைட், பச்சையில ஊதாக் கோடு பிரேக் லைட், கறுப்பு ஏர்த்" என்று ஒப்புவித்தார். பழைய இங்கிலாந்துக் கார்களின் நிற ஒழுங்கு அதுதான் என்பது எனக்கும் தெரியும். "நம்மட அப்பாமார் ஓடின வண்டி சேர், இதுல கை வைக்கக் கிடைச்சதே பெரிய விசயம்" என்று மட்காட்டைத் தடவினார். அவ்வளவுதான். லூகாஸ் என்ற இங்கிலாந்துக் கம்பனியின் விளக்கு ஒரு சோடிக்கு 31,000, வயர், பல்ப், கூலி எல்லாம் சேர்த்து 37,500, ஆக 68,500 ரூபாவையும் முற்பணமாகவே எண்ணிக் கொடுத்தேன். அவர் தந்த துண்டுக் காகிதத்தில் "லைட் வேலை 68,500" என்று மட்டும் இருந்தது. கடையின் பெயரும் இல்லை, ஒப்பமும் இல்லை. அதையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

எட்டாம் நாள் மாலை கார் கிடைத்தது. விளக்குகள் கல்யாண வீட்டுக்கு எரிவதுபோல் எரிந்தன. கேட்காமலேயே எல்ஈடி பல்ப் போட்டிருந்தார். "கரண்ட் குறையும் சேர்" என்றார். இருட்டியபின் களுவாஞ்சிக்குடி நோக்கி வரும்போது, குருக்கள்மடத்துக்குக் கிட்ட மாடொன்று வீதிக்கு ஏறியது. பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் பம்பரில் முட்டி நின்றது. கடவுளே என்று அந்தத் தம்பிக்குக் காயமில்லை. அவர் இறங்கி வந்து, "அண்ணன், நீங்க பிரேக் பிடிச்சதே தெரியல்ல. முதல்ல இருந்தே பிரேக் லைட் மாதிரித்தான் எரிஞ்சிட்டு வந்திச்சி" என்றார். அடுத்த நாள் காலை கார் ஸ்டார்ட் எடுக்கவில்லை. பற்றரி செத்துக் கிடந்தது.

எங்கள் ஊரில் இருக்கும் வயதான ஓட்டோ எலெக்ட்ரீஷன் ஒருவரை வீட்டுக்கு அழைத்தேன். அவர் இடது பல்பைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். இந்த வகை இரட்டைப் பல்பின் பக்கவாட்டு ஊசிகள் இரண்டும் வேண்டுமென்றே ஒன்று மேலும் ஒன்று கீழுமாக அமைந்தவை. பின் விளக்குக்கான 5 வட்டும் பிரேக்குக்கான 21 வட்டும் இடம் மாறிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி. என் கையில் இருந்த பல்பில் ஓர் ஊசி அரத்தால் இராவப்பட்டு, பித்தளை புதிதாக மினுங்கியது. மலிவு ஹோல்டருக்குள் செருக வேண்டும் என்பதற்காக இராவி, தலைமாற்றிப் போட்டிருக்கிறார்கள். லூகாஸ் என்று காசு வாங்கிய விளக்கில் எந்த எழுத்தும் இல்லை. நிறம் நிறமாக ஒப்புவித்த அதே கை, முழுவதையும் ஒரே மஞ்சள் வயரில் இழுத்து, முறுக்கி, டேப் சுற்றி விட்டிருந்தது.

அதைவிடப் பெரிய வேலை முன்பக்கத்தில் நடந்திருந்தது. மொறிஸ் மைனரில் பற்றரியின் பிளஸ் முனைதான் பொடியோடு சேரும். சாதாரண பல்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். எல்ஈடிக்கு அப்படியல்ல, அது ஒரு பக்கமாக மட்டுமே எரியும். அதற்கு ஏற்ற பல்பைத் தேடாமல், எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல், பற்றரியையே மறுபக்கமாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். மாற்றினாலும், ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவின் பிளஸ், மைனஸையும் அதற்கேற்ப மாற்றியமைக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. விளைவாக, டைனமோவைப் பற்றரியோடு இணைத்துப் பிரிக்கும் கட்டவுட் சுவிட்சின் முனைகள் கருகி ஒட்டிக்கொண்டு, பற்றரி முழுவதும் வடிந்திருக்கிறது.

பிறகு தொடங்கியது தொலைபேசிப் படலம். காலை பத்து மணிக்கு எடுத்தால் "பாஸ் சாப்பிடப் போயிட்டார்" என்று ஒரு பொடியன் சொல்வான். மூன்று மணிக்கு எடுத்தாலும் பாஸ் சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார். நேரில் போனேன். "பழைய கார் எண்டா அப்பிடித்தான் சேர்" என்றார். பல்ப் கொழும்பிலிருந்து வந்தது, அதற்குத் தான் உத்தரவாதம் இல்லை என்றார். இராவிய ஊசியின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினேன், இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. 68,500 ரூபாவில் பாதியையாவது தாருங்கள் என்று கேட்டதற்கு இன்று காலை வந்த பதில் இது: "நீங்க வேற ஆளைக் கொண்டு திறந்திட்டீங்க. இனி நம்மட பொறுப்பில்ல."

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடப் போகிறேன். ஆனால் காட்டுவதற்கு என்னிடம் இருப்பது அந்தத் துண்டுக் காகிதம்தான்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது கை ஓடவில்லை. பெயர், திகதி, பொருள் விபரம் எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். முழுப் பணத்தை முன்கூட்டிக் கொடுக்கவே வேண்டாம். காரை எடுக்கும்போது ஒருவரைப் பின்னால் நிறுத்தி பிரேக்கை மிதித்துப் பாருங்கள், நான் அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்கவில்லை. எல்ஈடி என்றால் பற்றரியின் எந்த முனை பொடியில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கழற்றிய பழைய சாமான்களை அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பா காரைப் பின்னுக்கு எடுக்கும்போது கிணற்றுக் கட்டில் இடித்து, இடது மூலையில் சில்லுப் பெயர்ந்த அந்தப் பழைய சிவப்பு விளக்கைத் திருப்பிக் கேட்டேன். "அது குப்பையோட போயிட்டு சேர்" என்றார்கள்.