ராமேஸ்வரம் ‘16 இடம்’ பேக்கேஜ்: ஏறும் முன் அட்டையைப் படியுங்கள்

ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே லேமினேட் பண்ணிய அட்டை ஒன்றை நீட்டுவார்கள். “16 இடம், 2,000 ரூபாய், எல்லாம் சுத்திக் காட்டிருவோம்.” எந்தெந்த இடம், எந்த வரிசையில் என்று பார்க்காமல் ஏறாதீர்கள். கோவையிலிருந்து வந்த மாமாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு போய் நாங்கள் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 16. லட்சுமண தீர்த்தம் ஓர் இடம், அதற்குப் பக்கத்திலேயே ராமர் தீர்த்தம் இன்னோர் இடம். பஞ்சமுக ஆஞ்சநேயர் கோயில் ஒன்று என்றால், அதற்குள் இருக்கும் மிதக்கும் கல்லுக்குத் தனி எண். இரண்டு சங்குக் கடைகளும் அட்டையில் ‘இடம்’தான்! பந்தியில் உப்பையும் ஊறுகாயையும் சேர்த்துப் பதார்த்தம் எண்ணுகிற கதை.

மாமா கேட்டதே இரண்டு இடம்: கந்தமாதன பர்வதம், தனுஷ்கோடி. கந்தமாதனம் பெரிய கோயிலிலிருந்து சில கிலோமீட்டர்தான். பேருக்குத்தான் பர்வதம், பார்த்தால் மணல்மேடு. ஆனாலும் தீவிலேயே உயரமான இடம் அதுதான். மேலே இரண்டடுக்கு மண்டபம், உள்ளே ராமர் பாதம். மாடியில் நின்றால் பச்சைப் பசேலென்று மரங்கள், அதைத் தாண்டிக் கடல், கோயில் கோபுரம், 323 மீட்டர் உயர டிவி டவர் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். நிதானமாக நிற்க வேண்டிய இடம். டிரைவரோ கீழே இருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். “சீக்கிரம் வாங்கய்யா, தனுஷ்கோடி கேட்டை மூடிருவாங்க.” பாதத்தைக் கும்பிட்டுவிட்டு இறங்கினோம். அவ்வளவு அவசரப்பட்டவர் அடுத்து நிறுத்தியது சங்குக் கடையில். அங்கே முக்கால் மணி நேரம் ஆகியும் ஹாரன் சத்தமே இல்லை.

அப்புறம் கோதண்டராமர் கோயிலோடு வண்டியைத் திருப்பிவிட்டார். “இதுவும் தனுஷ்கோடி ஏரியாதான்யா” என்றார். 1964 புயலில் தப்பிய கோயில், விபீஷணருக்குப் பட்டாபிஷேகம் நடந்ததாகச் சொல்லப்படும் தலம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் புயலில் அழிந்த சர்ச்சும் ரயில்வே ஸ்டேஷனும், அதற்கும் அப்பால் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனையும் இன்னும் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. முனை வரைக்கும் 2017-லேயே ரோடு போட்டாயிற்று. ஆட்டோவே போகிறது, மணலில் போக ஜீப் தேவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாயங்காலத்துக்கு மேல் வண்டியை உள்ளே விடமாட்டார்கள் என்பது மட்டும் நிஜம். அந்த நேரம் வரை ஊருக்குள்ளேயே சுற்றவைத்தால் டீசல் மிச்சம், கடை கமிஷனும் வரவு.

ஆகவே காலையில் முதல் வேலையாக அரிச்சல்முனை, மற்றதெல்லாம் பிறகு. வாடகை பேசும்போது ‘தனுஷ்கோடி’ என்று பொதுவாகச் சொல்லாமல் ‘அரிச்சல்முனை வரை’ என்று பேசுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். அரசு டவுன் பஸ்ஸும் இருக்கிறது. மறுநாள் மாமா அதில்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இனி அந்தக் கடை. நான் அத்தைக்குத் தண்ணீர் வாங்கப் போன நேரத்தில், மாமாவிடம் 3,500 ரூபாய்க்கு ‘வலம்புரிச் சங்கு’ விற்றுவிட்டார்கள். சர்டிபிகேட் வேறு. காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கிறதாம். எந்தச் சங்கை வைத்தாலும் கேட்கும். எங்கள் கீழக்கரைப் பக்கம் சங்கு குளித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் காட்டினால் சிரிப்பார்கள். அசல் சங்கின் வாய்க்குள், நடுத்தண்டில் மடிப்பு மடிப்பாக வரிகள் இருக்கும். மாமா வாங்கியதில் விரலை விட்டுப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. வலம்புரி என்று விற்கப்படும் பலவும் அமெரிக்கக் கடலில் கிடைக்கும் வேறொரு சாதிக் கிளிஞ்சல். அதற்குப் பிறவியிலேயே வலம்புரிப் பக்கம்தான் சுழி, அபூர்வம் ஒன்றும் இல்லை.

திருப்பிக் கொடுக்கப் போனோம். “பூஜைக்குன்னு வாங்கினதைத் திருப்பக் கூடாதுய்யா, வீட்டுக்கு ஆகாது” என்றார் கடைக்காரர். பில் கேட்டதற்கு, சர்டிபிகேட்தான் பில் என்றார்.