கிணற்று நீருக்கு வடிகட்டி வாங்க இருப்போர் கவனத்திற்கு

சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் சொந்தக் கிணறு வைத்திருப்பவர்கள், குறிப்பாக வீடு தேடி வந்து ‘உங்கள் தண்ணீரை இலவசமாகச் சோதித்துத் தருகிறோம்’ என்று சொல்லும் ஆட்களிடம் முன்பணம் கொடுக்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பிறகு கொடுக்கலாம். நான் கொடுத்த பிறகுதான் யோசித்தேன். 38,500 ரூபாய் போயிற்று. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 31 ஆண்டுகள் ரசீதையும் வவுச்சரையும் சரிபார்த்தே சம்பளம் வாங்கியவன் நான் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் கிணறு அப்பா காலத்தில் வெட்டியது. 42 அடி ஆழம். மேலே 15 அடிக்குக் கல்கட்டு. பெரியாறு பிரதான கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஊற்று நன்றாக ஏறி நிற்கும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஊராட்சிக் குழாயில் வரும் கூட்டுக் குடிநீர் இருப்பதால், கிணற்று நீர் குளிக்கவும் துவைக்கவும் பாத்திரம் கழுவவும் மட்டுமே. சென்ற ஐப்பசியில் அடுத்தடுத்துப் பெய்த மழைக்குப் பிறகு அந்த நீர் செம்மண் கரைத்தாற்போல் வரத் தொடங்கியது. மாடித் தொட்டியின் அடியில் நான்கு விரற்கடைக்குச் சேறு படிந்தது. என் வெள்ளை வேட்டிகள் ஒவ்வொன்றாகக் காவி நிறத்துக்கு மாறியதைப் பார்த்த என் மனைவி, “சாமியாராப் போறதா இருந்தா சொல்லிட்டுப் போங்க” என்றாள்.

அந்த வாரத்தில்தான் அவர்கள் இருவரும் வந்தார்கள். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு சிறிய பெட்டி. திண்ணையில் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்து, ஒன்றில் எங்கள் கிணற்று நீரையும் மற்றொன்றில் தாங்கள் கொண்டுவந்த ஆர்.ஓ. நீரையும் ஊற்றினார்கள். பெட்டியிலிருந்து நீண்ட உலோகக் கம்பிகளை இரண்டிலும் இறக்கி, மின்இணைப்பைக் கொடுத்து ஒரு நிமிடம் காத்திருந்தார்கள். கிணற்று நீர் முதலில் பச்சை கலந்த பழுப்பாகி, பிறகு மேலே நுரையும் கீழே துருக் குழம்புமாகப் பிரிந்து நின்றது. ஆர்.ஓ. நீர் அப்படியே தெளிவாக இருந்தது. “இதுலதான் சார் நீங்க குளிக்கிறீங்க” என்றான் இளையவன். பிறகு பேனா போன்ற மீட்டரை நீரில் நனைத்து, 780 என்ற எண்ணைக் காட்டி, “டிடிஎஸ் எவ்வளவு ஏறிக் கிடக்கு பாருங்க” என்றான். என் மனைவி உள்ளே போய்விட்டாள். பணம் எடுக்கத்தான் போனாள் என்பது பிறகு தெரிந்தது.

இந்த இரண்டு வித்தைகளையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு, மற்றொன்று அலுமினியம். நீரில் கரைந்துள்ள உப்பின் வழியாக மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பியே அரிக்கப்பட்டுத் துருவாக நீரில் கலக்கிறது. நாம் பார்த்து மிரளும் பழுப்பு நம் கிணற்றிலிருந்து வந்ததன்று, அவர்கள் கம்பியிலிருந்து வந்தது. ஆர்.ஓ. நீரில் உப்பு மிகக் குறைவு. மின்சாரம் சரியாகப் பாயாததால் கம்பி அரிப்பதில்லை, நிறமும் மாறுவதில்லை. பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தங்கை மகன் அதேபோன்ற பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, கடையில் வாங்கிய ஆர்.ஓ. நீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு எனக்குச் செய்து காட்டினான். ஒரு நிமிடத்தில் அந்த நீரும் சாக்கடையாயிற்று. “மாமா, இதையும் வடிகட்டணுமா?” என்று வேறு கேட்டான்.

மீட்டரின் கதை இதைவிட எளிது. அது நீரின் மின்கடத்தும் திறனை அளந்து, கரைந்த உப்பின் அளவாக, அதாவது டிடிஎஸ்ஸாக, மாற்றிக் காட்டும் கருவி. மண் கரைவதில்லை, மிதக்கிறது. எனவே அந்த மீட்டருக்குச் சேறு தெரியாது. கலங்கிய நீரை ஒரு டம்ளரிலும், இரவு முழுக்கத் தெளிய வைத்து மேலாக இறுத்த நீரை மற்றொரு டம்ளரிலும் எடுத்து நானே அளந்து பார்த்தேன். இரண்டும் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் காட்டின. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, கரைந்த திடப்பொருளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்றும் சொல்கிறது. குளிக்கிற நீருக்கு 780 என்ற எண்ணைக் காட்டிப் பயமுறுத்தியதே தவறு. கலங்கலுக்கு வேறு அளவு இருக்கிறது: என்.டி.யு. அதே தர நிர்ணயத்தில் அதன் வரம்பு 1, வேறு வழியில்லாத இடத்தில் 5. அதை அளக்கும் கருவி எதுவும் அவர்கள் பெட்டியில் இல்லை. ஆக, என் குறையான சேற்றை அவர்கள் அளக்கவே இல்லை. அளந்த உப்போ அவர்கள் விற்ற மணல் வடிகட்டியால் நீங்குவதில்லை.

20,000 ரூபாய் முன்பணம், பொருத்திய அன்று 18,500. ‘பில் வேணும்னா 18 சதவீதம் கூடும் சார்’ என்றதும் வேண்டாம் என்று தலையாட்டியவன் சாட்சாத் நானேதான். கையில் கிடைத்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட ஒரு வெள்ளைத் தாள்; அதில் வரிப் பதிவு எண் இல்லை, முகவரியும் இல்லை. சங்கத்தில் என் மேசைக்கு இப்படி ஒரு தாள் வந்திருந்தால் கொண்டுவந்தவரை அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன்.

வந்தது 10 அங்குல விட்டமுள்ள நீல நிற ஃபைபர் தொட்டி. தலையில், நீர் போகும் வழியை மாற்றிவிடும் மல்டிபோர்ட் வால்வு ஒன்று. மோட்டாரிலிருந்து மாடித் தொட்டிக்குப் போகும் குழாயில் அதை இணைத்துவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்பினார்கள். முதல் நாள் நீர் சாம்பல் நிறத்தில் வந்தது. “மீடியா செட் ஆகட்டும் சார்” என்றார்கள், உள்ளே போட்ட மணலைச் சொல்லி. ஒரு வாரத்தில் சாம்பல் போய்ப் பழைய செம்மண் திரும்பியது. மூன்றாம் வாரத்தில் மாடித் தொட்டி நிரம்ப எடுக்கும் நேரம் இரட்டித்தது. தொலைபேசியில் கேட்டபோது, நீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் என்று இன்னொரு தொட்டி வைத்தால்தான் இது வேலை செய்யும், அதற்கு 45,000 ஆகும் என்று பதில் வந்தது. அதன்பின் அந்த எண் எடுக்கப்படவில்லை.

எங்கள் ஊர் பிளம்பர் தம்பியை அழைத்துத் தொட்டியைத் திறந்தோம். மணல் வடிகட்டியில் அடியில் கூழாங்கல், அதன்மேல் பருமணல், அதற்கும் மேல் சலித்துக் கழுவிய நுண்மணல் என்று அடுக்கடுக்காக இருக்க வேண்டும். கழுவும்போது மணல் மேலெழும்ப இடம் வேண்டும் என்பதற்காக மேலே மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுவார்கள். எங்கள் தொட்டியில் அடியில் கட்டட ஜல்லி, மேலே கழுத்து வரைக்கும் எம்-சாண்ட், அதாவது பாறையை உடைத்துச் செய்யும் கட்டட மணல். பிளம்பர் ஒரு பிடி அள்ளி வாளி நீரில் போட்டதும் கல்மாவு பால்போல் கரைந்து எழும்பியது. முதல் நாள் வந்த சாம்பல் நிறம் அதுதான். சேற்றை நீக்க வந்த கருவி தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தும் கொடுத்திருக்கிறது. இதைவிடக் கொடுமை, மணலில் சிக்கிய அழுக்கை நீரை எதிர்த்திசையில் செலுத்தி வெளியேற்றும் பேக்வாஷ் வாய்க்குக் குழாயே இழுக்காமல் மூடி போட்டு இறுக்கியிருந்தார்கள். கழுவ வழியில்லாத வடிகட்டி எத்தனை நாள் வடிகட்டும்?

நல்ல மணலே போட்டிருந்தாலும் அந்தத் தொட்டி எங்கள் மோட்டாருக்குப் போதாது என்பதைப் பின்னர் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன். 10 அங்குல விட்டமென்றால் குறுக்குப் பரப்பு சுமார் 0.05 சதுர மீட்டர். இவ்வகை வடிகட்டியில் ஒரு சதுர மீட்டர் மணல் வழியாக மணிக்கு 10 முதல் 15 கன மீட்டர் வரை நீரைவிட்டால்தான் மண் சிக்கும். அப்படியானால் இந்தத் தொட்டி தாங்குவது மணிக்கு 500 முதல் 750 லிட்டர். வடிகட்டி வருவதற்கு முன் எங்கள் மோட்டார் 1,000 லிட்டர் தொட்டியை 20 நிமிடத்தில் நிரப்பிக்கொண்டிருந்தது, அதாவது மணிக்கு 3,000 லிட்டர். விற்க வந்தவர்கள் ‘தொட்டி நிரம்ப எவ்வளவு நேரமாகும்?’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்காமல் விலை சொல்லும் எவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பிளம்பர் தம்பி அழைத்துவந்த தூர்வாரும் பெரியவர் ஒருவர்தான் உண்மையான நோயைக் கண்டுபிடித்தார். உச்சி வெயிலில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்கி, சூரிய ஒளியைக் கிணற்றுக்குள் திருப்பி, சுவரைச் சுற்றிலும் மெல்ல ஓட்டினார். மேலிருந்து ஒன்பது அடியில், கல்கட்டின் வடக்குப் பக்கத்தில், இரண்டு கற்களுக்கு இடையே கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. அதிலிருந்து கீழே நீர்மட்டம் வரை செம்மண் வழிந்த கோடு. கூரைத் தண்ணீர் விழும் இடம் நேர் மேலே. “ஃபில்டர் வாங்குறதுக்கு முன்னாடி கெணத்த எட்டிப் பாத்திருக்கலாம்ல அய்யா” என்றார். மறுநாள் நீரை இறைத்துவிட்டு, விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கி, அணையாமல் எரிகிறதா என்று பார்த்த பிறகே உள்ளே இறங்கினார். அடியில் இரண்டரை அடிச் சேறு. மோட்டார் நீரை உறிஞ்சும் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வு அந்தச் சேற்றுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தூர்வாரி, பொந்தை அடைத்து, கூரை நீரைத் திருப்பிவிட்டு, ஃபுட் வால்வை மூன்று அடி உயர்த்திக் கட்டியதிலேயே முக்கால் பங்கு கலங்கல் போய்விட்டது.

மிச்சத்தை என்ன செய்வது என்பதை ஒரு கண்ணாடிப் பாட்டிலே சொல்லிவிடும். நீரைப் பிடித்து அசைக்காமல் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். சில மணி நேரத்தில் படிவது வண்டல். மறுநாள் காலையிலும் மங்கலாகவே நின்றால் அது களிமண். களித்துகள் இரண்டு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) சிறியது, நாட்கணக்கில் மிதக்கும், மணல் வடிகட்டியிலும் பெரும்பாலும் தப்பிவிடும். அதைத் திரள வைக்கப் படிகாரம் வேண்டும். என் பாட்டி பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்ததும் இதே காரியத்துக்காகத்தான். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, வைத்தபின் மஞ்சளாகும் நீரில் இரும்பு கரைந்திருக்கலாம். அது வேறு வைத்தியம். எங்களுடையது பெரும்பாலும் வண்டல். ஆகவே மாடித் தொட்டியில் நீர் வெளியேறும் குழாயை அடியிலிருந்து நான்கு அங்குலம் உயர்த்தி, கழுவிவிட அடியில் தனி வால்வு வைத்து, வெளிக்குழாயில் கழுவிப் பயன்படுத்தும் 100 மைக்ரான் வலை ஒன்றும், அதன் பின்னால் 20 அங்குல ஜம்போ ஹவுசிங் என்னும் பெரிய கூட்டில் 20 மைக்ரான் ஸ்பன் கார்ட்ரிட்ஜ் (இழை சுற்றிய, மாற்றக்கூடிய வடிகட்டிக் குழல்) ஒன்றும் பொருத்தினோம். மொத்தம் 6,200 ரூபாய். பஞ்சுபோல் வெள்ளையாகப் போட்ட கார்ட்ரிட்ஜ் 40 நாள் கழித்துக் கருப்பட்டி நிறத்தில் வெளியே வந்தபோது, வேட்டிக்குப் போக வேண்டியது இதில் நின்றிருக்கிறது என்று மனைவியிடம் எடுத்துப்போய்க் காட்டினேன். இதனால் கிருமி சாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘அப்படியே குடிக்கலாம்’ என்று அவர்கள் சொன்னது இன்னொரு பொய். நீரைப் பற்றிச் சந்தேகமிருந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ஆய்வகத்தாருக்கு விற்பதற்கு எதுவும் இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ரசீது இல்லாத எனக்கு இப்போது கைகொடுப்பவை, கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பிய பதிவும், அந்த ‘எஸ்டிமேட்’ தாளும், தொட்டியைத் திறந்தபோது எடுத்த படங்களும்தான். நீலத் தொட்டியும் மூன்று சாக்கு எம்-சாண்டும் சான்றுப்பொருளாக மாட்டுக் கொட்டகையில் இருக்கின்றன. அந்த மணலைப் போட்டுத் துவைக்கிற கல்லைச் சுற்றிப் பூசிவிடலாமே என்று மனைவி வாரத்துக்கு ஒருமுறை கேட்கிறாள். வழக்கு முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.