ரப்பர், ஸ்பிரிங், ஃபோம்: கோலாலம்பூர் புழுக்கத்துக்கு எந்த மெத்தை, எந்தக் கடை?

இரவில் ஏர்கோன் போட்டுத் தூங்குகிறீர்களா, காற்றாடி மட்டும்தானா? மெத்தைக் கடைக்குக் கிளம்புமுன் இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். விற்பனையாளர் இதைக் கேட்க மாட்டார். முதுகு வலி உண்டா, பட்ஜெட் எவ்வளவு என்று கேட்பார். கையோடு ஒரு மெத்தையில் படுக்கச் சொல்வார். கடையில் ஏர்கோன் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே எந்த மெத்தையும் சுகமாகத்தான் இருக்கும். நம் ஊரில் இரவு வெப்பம் 24 டிகிரியை ஒட்டியே நிற்கிறது, காற்றில் ஈரம் ஆண்டு முழுவதும் குறைவதில்லை. குளிர் நாடுகளில் எழுதப்படும் மெத்தை விமர்சனங்களை அப்படியே இங்கே கொண்டுவர முடியாததற்கு இதுதான் காரணம்.

முதலில் மெமரி ஃபோம். 1960களில் விமான இருக்கைகளின் பாதுகாப்புக்காக நாசாவின் திட்டத்தில் உருவான பொருள் இது. உடல் சூடு பட்டதும் இளகி, தோளுக்கும் இடுப்புக்கும் தக்கபடி பள்ளமாகிக் கொடுக்கும். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோள்பட்டை வலி குறையும். பக்கத்தில் இருப்பவர் புரண்டாலும் அசைவு நம்மிடம் வராது. இந்த ஒரு விஷயத்தில் மற்ற எல்லா மெத்தைகளையும் இது மிஞ்சுகிறது. ஆனால் உடலை இவ்வளவு நெருக்கமாக அணைத்துக்கொள்வதால் சூடு வெளியேற வழியில்லை. காற்றாடி மட்டும் உள்ள அறையில் நள்ளிரவில் முதுகு நனைந்து எழுந்திருக்க வேண்டிவரும். ‘கூலிங் ஜெல்’ என்று போட்டிருப்பதெல்லாம் படுத்த சிறிது நேரத்துக்குக் குளிர்ச்சி தரும். அந்த ஜெல்லும் உடல் சூட்டை வாங்கியபின் பழைய கதைதான். இரவு முழுவதும் ஏர்கோன் ஓடும் அறை என்றால் மெமரி ஃபோம் நல்ல தேர்வு. இல்லையென்றால் வேண்டாம் என்றே சொல்வேன்.

ரப்பர் மெத்தைக்கு வருவோம். லேட்டக்ஸ் என்று கடையில் சொல்வது இதைத்தான். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகளான நமக்கு இது எங்கிருந்து வருகிறதென்று யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த ரப்பர் பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, வேகவைத்து எடுப்பது டன்லப் முறை; நுரையில் உள்ள கனமான பகுதி கீழே படிவதால் அடிப்பக்கம் சற்றுக் கெட்டியாக இருக்கும். தலாலே முறையில் அச்சைக் காற்று நீக்கி உறையவைத்தபின் வேகவைக்கிறார்கள், அதனால் மேலும் கீழும் ஒரே சீராக, கொஞ்சம் மிருதுவாக வரும். இரண்டிலும் குத்தூசித் துளைகள் நிறைய. நுரையின் கண்ணறைகளும் திறந்திருப்பதால் மெமரி ஃபோமைவிடக் காற்று நன்றாகப் போய்வரும். உடல் அழுந்தியதும் உடனே மேலெழும்பும். புரண்டு படுக்க எளிது, வயதானவர்கள் எழுந்து உட்காரவும் எளிது.

குறைகளும் உண்டு. எடை அதிகம்: லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியில் நான்காவது மாடிக்கு ஏற்றுவது இருவருக்கே பெரும்பாடு. வெயிலில் காயவைக்கக் கூடாது. நம் வீடுகளில் பஞ்சு மெத்தையை மொட்டை வெயிலில் போட்டுத் தட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ரப்பர் மெத்தையில் அதைச் செய்தால் மேல்பரப்பு காய்ந்து பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும். நிழலில் காற்றோட்டமாகச் சாய்த்து வைத்தால் போதும்.

விலைதான் பெரிய தடை. ஏமாற்றும் அங்கேதான் நுழைகிறது. முழுக்க ரப்பராலான குயின் மெத்தை சாதாரணமாக 2,000 ரிங்கிட்டைத் தாண்டும். அதைவிடப் பாதி விலையில் ‘லேட்டக்ஸ் மெத்தை’ என்று நிற்பதைப் பிரித்துப் பார்த்தால், மேலே இரண்டு அங்குல ரப்பர், கீழே ரீபாண்ட் ஃபோம், அதாவது வெட்டித் தள்ளிய ஃபோம் துண்டுகளைப் பசையிட்டு அழுத்திய கட்டி. இது மோசமான பொருள் என்று சொல்லவில்லை. கெட்டியான அடித்தளம் வேண்டுவோருக்கு உழைக்கவும் செய்யும். ஆனால் ரப்பரின் பெயரைச் சொல்லி விற்பது வேறு. உறையின் ஜிப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஜிப்பே இல்லாத மெத்தை என்றால் குறுக்கே வெட்டிய மாதிரியைக் கேளுங்கள். எந்த அடுக்கு எத்தனை சென்டிமீட்டர், இயற்கை ரப்பரா, செயற்கை ரப்பர் கலந்ததா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

மூன்றாவது ஸ்பிரிங். பழைய பானல் வகையில் கம்பிச்சுருள்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். ஒருவர் அசைந்தால் கட்டிலே அசையும். பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொரு சுருளும் தனித் துணிப்பைக்குள் இருப்பதால் தனித்தனியே அமுங்கும். தம்பதியர் படுக்க பானலை வாங்கவே வேண்டாம். ஒண்டியாகப் படுக்கும் பிள்ளைகளின் அறைக்கு, கையில் பணம் இறுக்கமாக இருந்தால், சரி. பாக்கெட் ஸ்பிரிங்கின் பெரிய பலம் உள்ளே இருக்கும் வெற்றிடம்: சூடு தங்காது, ஈரம் தேங்காது. காற்றாடி மட்டும் உள்ள, நடுத்தர வருமான வீட்டுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

ஸ்பிரிங் எண்ணிக்கையை வைத்து விலை பேசுவார்கள். அதில் மயங்க வேண்டாம். ஓரிரு ஆண்டில் குழி விழுவது பெரும்பாலும் சுருளில் இல்லை, அதன்மேல் போர்த்திய ஃபோமில். அந்த ஃபோமின் அடர்த்தி என்ன என்று கேளுங்கள். கன மீட்டருக்கு 30 கிலோவும் அதற்கு மேலும் இருந்தால் தாங்கும். மெமரி ஃபோமாக இருந்தால் 50 கிலோவை ஒட்டி எதிர்பார்க்கலாம். பதில் தெரியாத விற்பனையாளர் தொழிற்சாலையிடம் கேட்டுச் சொல்லட்டும், அவசரமில்லை.

தென்னைநார் மெத்தையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவு, கெட்டி, ஈரம் பட்டால் பூஞ்சை.

இந்தக் ‘கெட்டி’யைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். முதுகு வலி என்றதும் பெரியவர்கள் பலகைபோல் ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். 2003இல் ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்து நடத்திய ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கெட்டியான மெத்தையில் 90 நாள் படுத்தவர்களைவிட, நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. மல்லாந்து படுத்து, இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே கையை நுழைத்துப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் உங்களுக்கு அது மிகக் கெட்டி. இடுப்பு அமுங்கிக் கையே நுழையவில்லை என்றால் மிக மிருது. கால் மணி நேரமாவது, வழக்கமாகத் தூங்கும் பக்கமாகவே படுங்கள். தம்பதியர் என்றால் இருவரும் ஒன்றாகப் படுத்துப் பார்க்க வேண்டும். கூச்சப்பட்டு எழுந்து வந்துவிட்டால் பத்து ஆண்டு அதோடு வாழப்போவது நீங்கள்தான்.

அளவும் ஒரு பொறி. நம் கடைகளில் குயின் என்றால் 152க்கு 190 சென்டிமீட்டர். ஐக்கியாவில் 150க்கு 200. கட்டில் ஓரிடத்திலும் மெத்தை வேறோரிடத்திலும் வாங்கினால் ஒன்று இடிக்கும், இல்லையென்றால் கால்மாட்டில் இடைவெளி விழும்.

சரி, எங்கே வாங்குவது? மெத்தை எது என்பதைவிட இதற்குக் கூடுதல் நேரம் செலவிடுவது நல்லது. ஏனென்றால் பிரச்சினை வந்தால் நிற்கப்போவது பொருளோடு இல்லை, விற்றவரோடு.

மிட் வேலி, கேஎல்சிசி மண்டபங்களில் நடக்கும் வீட்டுப் பொருள் கண்காட்சிகளில் விலைக்கழிவு உண்மையிலேயே கிடைக்கும். ‘ஹரி இனி சஹாஜா’ (இன்று மட்டும்தான்) என்று அவசரப்படுத்துவதும் அங்கேதான். ஞாயிறு இரவு அந்தக் கடை கழற்றப்பட்டுவிடும். திங்கட்கிழமை நீங்கள் தேடிப் போக ஒரு முகவரி வேண்டும். ரசீதில் நிறுவனப் பதிவு எண்ணும் நிலையான கடையின் முகவரியும் இல்லையென்றால் முன்பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் சிறு தொகையாகக் கட்டி, மீதியை மெத்தை வீட்டுக்கு வந்தபின் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் சுருட்டிப் பெட்டியில் வரும் மெத்தைகளின் கவர்ச்சி ‘100 இரவு படுத்துப் பாருங்கள்’ என்ற வாக்குறுதி. நல்ல விஷயம்தான், ஆனால் நிபந்தனைகளைப் படியுங்கள். சில நிறுவனங்கள் பணத்தைத் திருப்பாமல் மாற்று மெத்தை மட்டும் தருகின்றன, சிலவற்றில் எடுத்துச் செல்லும் லாரிச் செலவு உங்கள் தலையில். கறை பட்டால் எல்லாமே ரத்து. முதல் நாளே மேலுறை போடுங்கள். விற்பனைத் தளத்தில் வாங்கியிருந்தால், மெத்தையைப் பிரித்து, முழுதாக உப்பவிட்டு, அளந்து பார்க்கும்வரை ‘பொருள் கிடைத்தது’ என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். தளம் வைத்த காலக்கெடு முடியும்வரை உங்கள் பணத்தை அதுதான் பிடித்து வைத்திருக்கும்.

செந்தூலிலோ கெப்போங்கிலோ பல ஆண்டாக நிற்கும் கடையில் இவ்வளவு சலுகை கிடையாது. விலையும் சற்றுக் கூடலாம். ஆனாலும் ரப்பரும் பாக்கெட் ஸ்பிரிங்கும் வாங்க என் தேர்வு அதுதான்: படுத்துப் பார்க்கலாம், பேரம் பேசலாம், கோளாறு வந்தால் நேரில் போய் நிற்கலாம்.

கோளாறு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு, என் உறவினர் வீட்டுக் கதை. பாக்கெட் ஸ்பிரிங் மெத்தை, பத்தாண்டு உத்தரவாதம், இரண்டாம் ஆண்டே இடுப்புப் பகுதியில் குழி. கடைக்காரர் தொழிற்சாலையைக் கேட்கச் சொன்னார், தொழிற்சாலை உத்தரவாத அட்டையைக் காட்டி, ஒரு தேநீர்க் கறையைச் சாக்குச் சொன்னது. ரசீதின் அடியில் ‘பாராங் யாங் டிஜுவால் தீடாக் போலே டிக்கெம்பாலிகான்’ (விற்ற பொருளைத் திருப்பித் தர முடியாது) என்று அச்சடித்திருந்ததைக் கடைக்காரர் விரலால் தொட்டுக் காட்டினார். அவர்களும் பயந்துபோய்ப் பேசாமல் திரும்பிவிட்டார்கள்.

திரும்பியிருக்க வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும், காட்டிய மாதிரியோடும் ஒத்துப்போக வேண்டும். இது பொருளோடு கூடவே வரும் உரிமை. ரசீதில் ஒரு வரி அச்சடித்து அதை அழிக்க முடியாது. தொழிற்சாலையின் உத்தரவாத அட்டை இதற்கு மேலே கூடுதலாகக் கிடைப்பது. விற்ற கடைக்கும் பொறுப்பு உண்டு: பழுது நீக்கித் தர வேண்டும், முடியாவிட்டால் மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ வேண்டும். படுத்துப் பார்த்த மாடல் ஒன்று, லாரியில் வந்தது வேறொன்று என்றாலும் இதே சட்டம்தான். கடையில் படுத்துப் பார்த்த மெத்தையின் பெயர்ச்சீட்டை ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகவே. ஆனால் ‘வாங்கிவிட்டேன், எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. அதற்கு 100 இரவு வாக்குறுதி மட்டுமே வழி.

முறையிட மூன்று வழிகள் உள்ளன. பயனீட்டாளர் அமைப்புகள் கடையோடு பேசிச் சமரசம் செய்துவைக்கும்: பினாங்கில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம், இங்கே தேசியப் பயனீட்டாளர் புகார் மையம். மலாய்ப் படிவம் நிரப்பத் தயங்கும் பெரியவர்களுக்கு இது நல்ல தொடக்கம். ஆனால் இந்த அமைப்புகளால் கடையைக் கட்டாயப்படுத்த முடியாது. உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் கொடுத்தால் விலை ஏமாற்று, பொய் விளம்பரம் போன்றவற்றை விசாரிப்பார்கள். உங்கள் பணத்தை வாங்கித் தருவது அவர்களின் முதல் வேலை இல்லை. பணம் திரும்ப வேண்டும் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம்தான் நேர்வழி. கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பிரச்சினை எழுந்து 3 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர்கள் வர முடியாது, ஆகவே பெரிய நிறுவனமாக இருந்தாலும் தன் ஊழியரைத்தான் அனுப்ப வேண்டும். மெத்தையால் முதுகு வலி வந்தது என்று இழப்பீடு மட்டும் கேட்காதீர்கள், உடல் பாதிப்புக் கோரிக்கைகளை அந்த மன்றம் எடுக்காது. மெத்தையின் விலை, லாரிக் கூலி, இவற்றைக் கேளுங்கள்.

சாட்சியத்தை வீட்டிலேயே தயார் செய்யலாம். விரிப்பை எடுத்துவிட்டு, ஒரு நீளமான நேர்க்கோலை மெத்தையின் குறுக்கே வைத்து, குழியின் ஆழத்தை அளவுகோலால் அளந்து, எண் தெரியப் படம் எடுங்கள். கட்டில் பலகை உடையாமல் இருப்பதையும் படம் எடுங்கள், கடைக்காரர் முதலில் சொல்வது அதுவாகத்தான் இருக்கும். பேசியதை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வைத்திருங்கள். கடைக்காரர் விசாரணைக்கு வராமல் போனாலும் முறையாக அழைப்பு போயிருந்தால் மன்றம் தீர்ப்பளிக்கலாம். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம்.