1,450 ரூபாய்க்கு வாங்கிய திருவருகைக் காலப் பெட்டி: அட்டைகள் சரி, மெழுகுவர்த்தி வேண்டாம்

வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கென்று இணையத்தில் விற்கிற திருவருகைக் கால (கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஏறக்குறைய நாலு வாரத் தயாரிப்புக் காலம்) பெட்டி ஒன்றை 2025 நவம்பரில் வாங்கினோம். விலை 1,450, கூரியருக்குத் தனியாக 120. வாங்கலாமா என்று இதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். விற்றவர் பெயரைப் போடவில்லை. புகார் சொன்னதும் மறுபேச்சில்லாமல் மெழுகுவர்த்திக் காசைத் திருப்பி அனுப்பிவிட்டார், அதற்கப்புறம் பெயரைப் போட்டுத் திட்டினால் நன்றாக இருக்காது.

நாங்கள் இருப்பது ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது, இளையவளுக்கு ஏழு. மூன்று வருடமாக வீட்டுப்படிப்புதான். (ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று கேட்காதீர்கள், மாமியாரிடமே இன்னும் பதில் சொல்லி முடியவில்லை.)

பெட்டியில் வந்தவை: பிளாஸ்டிக் ஊசியிலை சுற்றிய வளையம், மூன்று ஊதா மெழுகுவர்த்தி, ரோஜா நிறத்தில் ஒன்று, ஆதாமில் தொடங்கிப் பெத்லகேம் வரை நாளுக்கொன்றாகத் தொங்கவிட 24 அட்டை, எதுவும் அச்சிடாத மூன்று அட்டை, சிறு கையேடு ஒன்று.

முதலில் மெழுகுவர்த்தி. நான்கும் ஒரே உயரம், சுண்டுவிரல் பருமன். இதைச் செய்தவர்கள் ஒருநாளாவது வீட்டில் ஏற்றிப் பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுவதால் முதல் ஞாயிறு ஏற்றுகிற திரிதான் கடைசி வரை எரிய வேண்டும், செபத்துக்குக் கால் மணி நேரம் என்று வைத்தாலும் 2025ல் வந்த 25 நாளுக்கு ஆறேகால் மணி நேரம் ஆகிறது. நான்காவது திரிக்கோ மொத்தமே நாலு நாள், ஒரு மணி நேரம். இந்தக் கணக்கைப் போட்டதே என் மகன்தான், அன்றைய கணக்குப் பாடம் அப்படியே முடிந்துவிட்டது. டிசம்பர் 7, இரண்டாம் ஞாயிறு இரண்டாவதை ஏற்ற உட்கார்ந்தால் முதலாவது உருகி வளையத்தின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக் கிடக்கிறது. ஜன்னலைச் சாத்தினாலும் வாடைக்காற்று எங்கேயாவது புகுந்துவிடும், அணைந்து அணைந்து ஏற்றியதில் பாதி மெழுகு வீணாகப் போனது. மூன்றாம் ஞாயிறுக்கான ரோஜா நிறம் படத்தில் பஞ்சுமிட்டாய் மாதிரி இருந்தது, கைக்கு வந்தது செம்பருத்தி.

வளையத்தைப் பார்த்ததும் மாமியார், "இதென்ன, பச்சை பூசின பிரிமணையா?" என்றார். அதுவும் நல்ல யோசனையாகத்தான் போனது. கையேட்டில் இந்த வளையத்தின் கதை இருக்கிறது: 1839ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய வீகெர்ன் என்ற போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிற்றுக்குப் பெரிய மெழுகுவர்த்தியும் மற்ற நாளுக்குச் சின்னதுமாக நட்டுவைத்தாராம். அவர் கையில் கிடைத்தது வண்டிச் சக்கரம் என்றால் நமக்குப் பிரிமணை இருக்கிறதே! பெரிதாக ஒன்றை எடுத்து அப்பத்தாவும் பேத்தியும் பனை ஓலை சுற்றினார்கள், நாலு சிரட்டையில் கடல்மணல் நிரப்பித் தடித்த மெழுகுவர்த்திகளைக் குத்திவைத்தோம். சிரட்டைக்குள் திரி தாழ்ந்து நின்றதால் காற்றுக்கும் தாங்கியது. செலவு மெழுகுவர்த்திக்கு மட்டும் 160 ரூபாய். பிளாஸ்டிக் வளையம் இப்போது பரண் மேல்.

அட்டைகளுக்கு வருகிறேன், பணம் கொடுத்ததற்குப் பொருள் அதில்தான் இருக்கிறது. ஓவியங்கள் அழகு, தாள் கெட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் வாசிக்க வேண்டிய விவிலியப் பகுதியும் பிள்ளைகளிடம் கேட்க ஒரு கேள்வியும். ஆனால் ஆங்கில அட்டையை யாரோ அவசரத்தில் தமிழாக்கியிருக்கிறார்கள். தாவீது அரசரின் அப்பா ஈசாய் இதில் 'ஜெஸ்ஸி' ஆகிவிட்டார், ஈசாக்கு 'ஐசக்'. "ஜெஸ்ஸி யாரும்மா, பொம்பளையா?" என்று மகள் கேட்டாள். முதல் வாரத்தின் கருப்பொருளாக 'நம்பிக்கை' என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் திருவிவிலியத்தில் நம்பிக்கை என்றால் விசுவாசம், இங்கே வரவேண்டியது எதிர்நோக்கு, ஆங்கிலத்தில் hope. 2025 முழுக்க எதிர்நோக்கின் யூபிலி ஆண்டு என்று கோவிலில் கேட்டுக்கேட்டுப் பழகிய பிள்ளைகள் உடனே பிடித்துவிட்டார்கள். யோனா அட்டையில் திமிங்கிலம். விவிலியத்தில் பெரிய மீன் என்றுதானே இருக்கிறது, திமிங்கிலம் மீன் இல்லையே என்று மகன் பேனாவை எடுத்துவிட்டான். இதெல்லாம் அடித்துத் திருத்துகிற வேலைதான், திருத்தினோம்.

அட்டையைத் தொங்கவிட மரம் வேண்டும். கையேடு சொல்கிற மரங்களில் ஒன்றுகூட இந்தப் பக்கம் கிடையாது, சவுக்கு கிளையும் அன்றைக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் வேலியோரம் போய் ஒரு கருவைக் கிளையை வெட்டி வந்து வாளி மணலில் நட்டுவிட்டார். சீமைக் கருவேலம்தான், ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, செப மேசை பக்கத்தில் கருவை முள்ளா என்று. மகள் விரலில் ஒரு முள்ளும் ஏறியது. ஆனால் பெட்டியில் வந்த நூல் தேவையே படவில்லை, அட்டையை முள்ளில் குத்தினால் நிற்கிறது.

ஈசாய் அட்டை வந்த நாளில் எசாயா 11ஆம் அதிகாரம் வாசித்தோம், வெட்டுண்ட அடிமரத்திலிருந்து ஒரு தளிர் வரும் என்கிற பகுதி, தாவீது வம்சத்தில் இயேசு வருவதைச் சொல்வதாக நாங்கள் வாசிப்பது. கையேடு இதை விளக்க ஒரு பக்கம் எழுதியிருக்கிறது, பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். சரி என்று எல்லோரையும் வேலியோரம் கூட்டிப்போய், கிளை வெட்டிய அதே மரத்துக்குப் பக்கத்தில், மழைக்கு முன்னால் கரிமூட்டத்துக்காக அடியோடு வெட்டிப்போன இன்னொரு கருவையின் கட்டையைக் காட்டினேன். கரிய கட்டை, வெட்டுவாய் வெடித்துக் கிடக்கிறது, அதன் ஓரத்தில் பட்டையைப் பிளந்துகொண்டு விரல் நீளத்துக்கு ஏழெட்டுத் தளிர், ஒவ்வொன்றிலும் பிஞ்சு முள்கூட வந்துவிட்டது. மகன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தாவீது வம்சத்தை வெட்டிட்டாங்க, ஆனா வேர் சாகல, அதானே?" என்றான். இளையவள் சும்மா இருக்கவில்லை. "அப்ப இயேசு கருவையா?" மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். நான் சிரித்தேனே தவிர, இன்றுவரை அதற்கு நல்ல பதில் கிடைக்கவில்லை.

இன்னொரு அட்டையில் 'நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?' என்று கேள்வி. காற்று எச்சரிக்கையால் படகு போகாத வாரம் அது, அப்பா வீட்டில் இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்ன பதில்: "டோக்கனுக்கு." மீன்வளத்துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுத்தால்தான் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் துணி.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த மூன்று வெற்று அட்டைகள். டிசம்பர் 3க்குப் புனித சவேரியாரை வரைந்தோம். மறைபரப்ப 1542ல் முத்துக்குளித்துறைக்கு (தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை) வந்தவர், 1552ல் அதே டிசம்பர் 3ல் சீனக் கரையோரத் தீவில் இறந்தவர், இந்தக் கரைப் பிள்ளைகளுக்கு அவர் இல்லாமல் என்ன டிசம்பர்? (ஓரியூரில் உயிர்விட்ட மறைசாட்சி அருளானந்தரையும் சேர்க்கச் சொல்லி மகன் பிடிவாதம், அவர் திருநாள் பிப்ரவரியில் என்று சமாளித்தேன்.) இரண்டாவது டிசம்பர் 22க்கு. 1964ல் அந்த இரவுதான் புயலில் தனுஷ்கோடி போனது. மாமியாருக்கு அப்போது எட்டு வயது, பாம்பனில் இருந்தார்கள். பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் அலையில் போனது, அந்த வருடம் அவர்கள் தெருவில் யாரும் நட்சத்திரம் கட்டாதது, இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல மகன் அட்டையில் தனுஷ்கோடிக் கோவிலின் இடிந்த சுவரை வரைந்தான். அன்றைக்குச் செபம் கால் மணியைத் தாண்டி ஒரு மணி நேரம் ஓடியது. மெழுகுவர்த்தி தாங்கியது.

மூன்றாவது வெற்று அட்டை நவம்பர் 30க்குப் போனது, ஏனென்றால் பெட்டி டிசம்பர் 1ல்தான் தொடங்குகிறது. வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். திருவருகைக் காலம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலாவது ஞாயிறு தொடங்கும், வருடத்துக்கு வருடம் 22 நாளிலிருந்து 28 நாள் வரை மாறும். 2026ல் நவம்பர் 29, அதாவது 26 நாள். இரண்டு வெற்று அட்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

அட்டையும் கையேடும் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று விற்றவரிடம் கேட்டேன், 600க்குத் தருகிறேன் என்றார். அந்த விலைக்குத் தாராளமாக வாங்கலாம், ஒரு நல்ல கறுப்புப் பேனாவும் சேர்த்து வாங்கிவையுங்கள். முழுப் பெட்டி வேண்டாம். எங்கள் அட்டைகள் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. கருவைக் கிளையை ஜனவரியில் மாமியார் அடுப்பில் வைத்துவிட்டார், நன்றாக எரிந்ததாம்.